சொல்லாமல் அறுத்த ஒட்டு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் சகலை கோமதிநாயகம். என் மனைவி ஆவுடையின் தங்கை காந்திமதியைக் கட்டியவன். அவன் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் இந்த ஊரில் எல்லோரும் செண்பகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பூவைப் பற்றிப் பேசுகிறார்கள், நாற்பத்தோரு இடத்தில் ஒரே மரம் நின்ற அந்தக் காலத்தைப் பற்றி வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடப் பெருமையாகப் பேசுகிறார்கள், ஆனால் அவன் செய்ததை மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவின் நாற்றங்காலில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். செண்பக விதை பொல்லாதது. காய் வெடித்துச் சிவப்புத் தோலோடு தொங்கும்போது குருவிக்கு முன்னால் நாம் எடுக்க வேண்டும், சாம்பலில் போட்டுப் பிசைந்து சிவப்பைக் கழற்ற வேண்டும், காய விடாமல் அப்போதே மண்ணுக்குள் வைக்க வேண்டும். ஒரு மாதம் டப்பாவில் போட்டு மறந்துவிட்டால் அப்புறம் அது விதையில்லை, கறுப்புக் கல். நான் ஈரப்பாசியில் பொதிந்து, சோற்றுத் தூக்கில் வைத்து, மலையிலிருந்து பதினோரு விதை கொண்டுவந்தேன். என் வீட்டு முற்றத்தில் முளைத்தது ஒன்று. அந்த ஒன்று ஒன்பது வருஷம் இலை இலையாக விட்டுக்கொண்டு பூவைக் காட்டாமல் நின்றது.

"மரமும் உங்களை மாதிரியே இருக்கு. உசரமா நிக்கும், ஒரு பிரயோசனம் கெடையாது" என்பாள் ஆவுடை.

பத்தாவது வருஷச் சாரலில் பூத்தது. அரைத்த சந்தனத்தில் மஞ்சள் விழுந்த நிறம். வாசம் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் போனது. நின்ற பேருந்தை எடுக்க மனமில்லாமல் டிரைவர் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பார். பார்த்தவர்களெல்லாம் கன்று கேட்டார்கள்.

விதைக் கன்றைக் கொடுத்தால் அவர்களும் ஒன்பது வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். ஒட்டுக் கன்று என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும். அதனால் ஒட்டுக் கட்டினேன். ஒரு வருஷத்துக் கன்றைத் தொட்டியோடு தூக்கி, மூங்கில் பரண் கட்டி மரத்துக் கிளையோரம் வைத்து, கிளையில் கட்டைவிரல் நீளம் சீவி, கன்றின் தண்டிலும் அதே நீளம் சீவி, ரெண்டு பச்சையும் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டி, மேலே சாணியும் களிமண்ணும் குழைத்து அப்ப வேண்டும். இரண்டரை மாதம் தாய்மரம் அதற்குப் பால் கொடுக்கும். பிறகு கிளையில் கால்வாசி அறுப்பு, ஒரு வாரம் விட்டு அரைவாசி, இன்னும் ஒரு வாரம் விட்டு முழுசு.

முழுசாக அறுக்கிற அன்று ஒரு வழக்கம் உண்டு. மலையில் நாற்றங்கால் ஆட்கள் யாரும் அதைத் தவறவிட மாட்டார்கள். ஒட்டுக் கட்டிய கைதான் அறுக்க வேண்டும். அறுக்கும்போது கட்டியவன் கன்றைத் தொட்டுக்கொண்டு, "உன்னைக் கொடுத்துட்டேன், இனி உனக்கு அது வீடு, போய் இரு" என்று சொல்ல வேண்டும். 'போயிட்டு வா' என்று சொல்லக் கூடாது. போய் இரு. அவ்வளவுதான். சொல்லாமல் அறுத்தால் என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஏனென்றால் சொல்லாமல் அறுத்தவன் எவனும் அங்கே இல்லை.

முதல் ஒட்டுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தபோது கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனேன். ஒரு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து பேருந்தை விட்டு இறங்கினால், வருஷா வருஷம் நடக்கும் அம்மன் கோயில் கொடைவிழா. கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கோயில் முன்னால் புதிதாகக் குழி தோண்டி, நான் இல்லாத நேரம் வெட்டியெடுத்த என் ஒட்டுக் கன்றை நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலையோடு கோமதிநாயகம் நிற்கிறான். கையில் மைக். "எங்கையால ஒட்டுக் கட்டி, எம் பிள்ளை மாதிரி வளர்த்த செண்பகத்தை அம்மன் காலடியில வைக்கேன்" என்று சொல்கிறான். ஊர் குலவை போடுகிறது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் கண் எரிய நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் மரத்தடியில் கல் நட்டார்கள். 'உபயம்: கோமதிநாயகம், கமிட்டித் தலைவர்.'

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"நாயகம், அது நான் கட்டுன ஒட்டுல்லா?"

"அதுக்கென்ன அண்ணாச்சி, நமக்குள்ளதான? நீங்க கட்டுனா என்ன, நான் கட்டுனா என்ன? அம்மனுக்குத் தெரியாதா?"

"அம்மனுக்குத் தெரியும். மைக்குக்குத் தெரியலையே."

சிரித்தான். தட்டிக்கொடுத்தான். "அடுத்த கொடையில சொல்லிருதேன், காப்பி குடிங்க" என்றான். நான் குடிக்கவில்லை. எனக்கு வேண்டியது பரிவட்டம் இல்லை, கல்லில் பேரும் இல்லை. அதே இடத்தில், அதே மைக்கில், 'மரம் தளவாய் அண்ணாச்சி கட்டுனது' என்று ஒரு வரி. அடுத்த கொடை வந்தது, அதற்கடுத்த கொடை வந்தது, பதினோரு கொடை வந்தது. ஒவ்வொரு கொடைக்கும் நான் குளித்து, வேட்டி உடுத்தி, முன்வரிசையில் போய் நின்று, அவன் வாயையே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நாற்பது நாளில் ஒரே வெட்டாக வெட்டிய ஒட்டு மூன்றாம் நாள் கருகியிருக்க வேண்டும். கருகவில்லை. தளதளவென்று நின்றது. அது ஏன் என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அதைப் பிரித்து அனுப்பியதை அதனிடம் யாரும் சொல்லவில்லை. அது இன்னும் என் மரத்திடமே குடித்துக்கொண்டிருந்தது.

என்மேலும் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஊருக்கு முப்பத்தொன்பது ஒட்டுக் கட்டிக் கொடுத்தேன். முறையாகத்தான் கட்டினேன், முறையாகத்தான் மூன்று அறுப்பில் அறுத்தேன். ஆனால் அறுக்கிற நேரம் 'உன்னைக் கொடுத்துட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தால் மைக் பிடித்த அவன் முகம் வந்து நிற்கும், சொல்லாமலே அறுத்து நீட்டிவிடுவேன். வாங்கியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. பூ வந்தால் போதும் அவர்களுக்கு.

மூன்றாவது மழைக்காலத்தில் எல்லாக் கன்றும் மளமளவென்று ஏறி என் மரத்தின் உயரத்துக்கு வந்து நின்றன. நல்ல மண் என்றார்கள். பிறகு கிளைக்குக் கிளை, முடிச்சுக்கு முடிச்சு ஒன்றுபோல் ஆயின. நல்ல ஒட்டு என்றார்கள். பிறகு ஒருநாள் ரேஷன் கடைச் செல்லக்கனி காலையில் தன் வீட்டு மரத்தில் கையெட்டும் உயரத்தில் ஒரு பூவைப் பார்த்து, பறிக்கக் கையைக் கொண்டுபோனபோது, அது கண்முன்னாலேயே இல்லாமல் போனது. காம்பு மட்டும் இருந்தது. அதே நேரத்தில் மேலத் தெருவில் பால்காரர் மனைவி அதே கிளையில் அதே பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சண்டை ஒரு மாதம் நடந்தது. மாயம் என்று யாரும் பயப்படவில்லை, களவு என்றுதான் கோபப்பட்டார்கள். "எம் மரத்துப் பூவ நீ எப்படிட்டீ பறிப்ப?" "எம் வீட்டுக்குள்ள நிக்க மரத்துல நான் பறிச்சேன், ஒனக்கென்ன நோவுது?" என்று தெருவுக்குத் தெரு கேட்டது. விடிந்தும் விடியாமலும் நாற்பது வீட்டுப் பெண்கள் தூக்கக் கலக்கத்தில் மரத்தடியில் நின்று, எந்தப் பூ எப்போது மறையும் என்று பார்த்துப் பார்த்துப் பறித்தார்கள். முந்தியவள் கையில் பூ இருந்தது, மற்றவள் கையில் காம்பு இருந்தது. கடைசியில் செல்லக்கனிதான் ஒரு முறை எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினாள். திங்கள், செவ்வாய் மேலத் தெரு, புதன், வியாழன் கீழத் தெரு, வெள்ளி அம்மனுக்கு, சனி, ஞாயிறு கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும். ஊர் அடங்கிவிட்டது. ஒரு மாதத்தில் அது பழகி, மழைக்குக் குடை எடுப்பதுபோல் ஆகிவிட்டது.

ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டினால் நாற்பத்தோரு இடத்திலும் கிளை ஆடும். ஆளில்லாமல் ஆடுகிற கிளையைப் பார்த்து, "யாரு வீட்டுலயோ பிள்ள அழுகைய நிறுத்திட்டு" என்பார்கள். ஒரு வீட்டில் குயில் உட்கார்ந்தால் எல்லா வீட்டிலும் கொம்பு தாழும், குயில் இருக்காது. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு வீட்டில் கிளை கழித்தபோது எல்லா வீட்டிலும் கிளை விழுந்தது, எல்லா வீட்டிலும் அடுப்பெரிந்தது. தையல்கடைப் பையன் தன் வீட்டு மரத்தில் ஒரு பெண்ணின் பேரைச் செதுக்கப் போய், அது அந்தப் பெண்ணின் தகப்பன் வாசலிலும், அம்மன் சந்நிதியிலும் எழுத்து எழுத்தாகத் தோன்றி, கடைசி எழுத்து முடிவதற்குள் தகப்பன் அரிவாளோடு வந்துவிட்டான். ஊரே படித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

தண்ணீர் விஷயம் மட்டும் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஒரு வீட்டில் ஊற்றினால் எல்லா வீட்டு மரத்துக்கும் போகும் என்று தெரிந்த நாளிலிருந்து யாரும் ஊற்றவில்லை. மேலத் தெரு ஊற்றும் என்று கீழத் தெரு இருந்தது, கீழத் தெரு ஊற்றும் என்று மேலத் தெரு இருந்தது, கோயில் ஊற்றும் என்று ரெண்டு தெருவும் இருந்தது. சித்திரை வெயிலில் இலை சுருண்டது. நான் கிணற்றிலிருந்து தினம் இருபது குடம் இறைத்து என் மரத்து மூட்டில், அடிவேரில், ஊற்றினேன். நாற்பத்தோரு மரமும் நிமிர்ந்தன. எந்த வீட்டிலிருந்தும் ஒருத்தரும் வந்து, 'நீங்கதான் ஊத்துதியளா?' என்று கேட்கவில்லை. எனக்குச் செய்த அநியாயத்தில் ஊர் ரெண்டாவது.

பன்னிரண்டாவது கொடைக்கு முன்னால் கோமதிநாயகம் கோயில் முன்பு கல்மண்டபம் கட்டுவது என்று கமிட்டியில் முடிவு செய்தான். செண்பகம் நடுவில் நின்றது. வெட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நல்ல நேரம் பார்த்தார்கள். கோயில் மரத்தை வெட்டினால் எல்லா மரமும் விழும் என்று ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஆவுடை பால் வாங்கப் போன இடத்தில், "இவுக வாயத் தொறந்தாத்தான் பிரியும், அறுக்கும்போது சொல்ல வேண்டியத சொல்லல இவுக" என்று போட்டு உடைத்துவிட்டாள். சாயங்காலம் முற்றத்தில் ஊர் நின்றது.

"பிரிச்சு விட்டுருங்க அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "கோயில் மரம் போனாப் போட்டும், எங்க மரம் நிக்கட்டும்."

"நாயகத்தை வரச் சொல்லு. ஊர் முன்னால ஒரு வரி சொல்லட்டும், யாரு கட்டுன ஒட்டுன்னு. மறுநிமிசம் பிரிக்கேன்."

மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காந்திமதி தனியாக வந்தாள். வெற்றிலைபாக்குத் தட்டில் பரிவட்டத் துணி மடித்து வைத்திருந்தது.

"அவுக கொடுத்துவிட்டாக, அத்தான்."

தட்டை நான் தூக்கிப் பார்த்தேன், துணியை நகர்த்திப் பார்த்தேன். "அவன் வாயை எங்க வச்சிருக்கான்? தட்டுல காணுமே."

அவள் அழுதாள். "ஊருக்குள்ள அவுகளுக்கு ஒரு பேரு இருக்கு அத்தான். சொன்னா அது போயிருமே."

"எனக்குப் போனது?"

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அக்காளும் தங்கையும் அன்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

செல்லக்கனி மட்டும் மறுபடி வந்தாள். "அண்ணாச்சி, உங்க ரெண்டு பேரு சண்டையில எங்க வீட்டு மரம் எதுக்குச் சாவணும்? எம் பிள்ளைக்கு அடுத்த மாசம் சடங்கு" என்றாள். அந்தக் கன்றை என் கையாலேதான் அவளிடம் கொடுத்தேன். கொடுத்ததைக் கொடுத்தேன் என்று சொல்வதில் எனக்கென்ன நஷ்டம்?

அவள் வீட்டு மரத்தைத் தொட்டு, "உன்னைக் கொடுத்துட்டேன், இனி உனக்கு இது வீடு, போய் இரு" என்றேன். மரம் ஒருதரம் சிலிர்த்தது. பிறகு அவள் ஒரு பூவைப் பறித்தாள். பக்கத்து வீட்டு மரத்தில் அந்தப் பூ அப்படியே இருந்தது. மூன்று நாள் முப்பத்தொன்பது வீட்டுக்கும் நடந்து, முப்பத்தொன்பது மரத்தையும் தொட்டுச் சொன்னேன். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எந்த வீட்டிலும், 'வாங்க, நாயகத்த நாங்க போய்க் கேக்கோம்' என்று ஒருத்தர் சொல்லவில்லை. அவரவர் மரம் பிரிந்ததும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மிச்சம் இருந்தது கோயில் மரமும் என் மரமும்.

"நம்ம மரத்தையும் பிரிச்சு விடுங்க" என்றாள் ஆவுடை. வியாழக்கிழமை, அடுப்படியில் நின்றுகொண்டு.

"கோயில் மரத்தப் போய்த் தொட்டு என்னன்னு சொல்ல? உன்னைக் கொடுத்துட்டேன்னுதான சொல்லணும். நான் கொடுக்கலையே. அவன் எடுத்தான்."

"மரத்துக்கா தெரியப் போவுது? ஒரு சொல்லுதான?"

"அவனுக்கும் ஒரு சொல்லுதான?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடாத என் மரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் உள்ளே போனது. மரத்தூள் ரெண்டு பக்கமும் மாறி மாறிக் கொட்டியது, ரம்பம் இழுக்கிற பக்கம் கொஞ்சம், தள்ளுகிற பக்கம் கொஞ்சம். சத்தமே இல்லை. நடுவில் ஒருதரம் நின்றது. அங்கே டீ வந்திருக்கும். ஆவுடை போய் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி தூள் கொட்டியது. அங்கே கயிறு கட்டிக் கிழக்கே இழுத்திருப்பார்கள் போல, கடைசியில் என் மரம் கிழக்கே சாய்ந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு விலகினேன். அடுப்படி ஓட்டின் மேல் விழுந்தது. ஓட்டுத் துண்டுக்கு நடுவில் விரிந்ததும் விரியாததுமாகப் பூக்கள் கிடந்தன. வாசம் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆவுடை தூளை முறத்தில் அள்ளி வைத்துக்கொண்டு நாற்பது நாள் என்னோடு பேசவில்லை.

மண்டபம் வந்தது. தரைக்கு வழவழவென்று கல் பாவினார்கள். மரம் நின்ற அதே இடத்தில் நின்று கோமதிநாயகம் பரிவட்டம் கட்டிக்கொண்டான். அன்றும் மைக் இருந்தது. அன்றும் சொல்லவில்லை.

வெட்டுப்பட்டு நின்ற என் மரத்து அடிமூட்டை நான் விடவில்லை. எரு வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். நாலாவது மாதம் என் மூட்டில் ஒரு தளிர் வந்தது. அன்று காலை மண்டபத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு தளிர் வந்தது. அங்கே கிள்ளினார்கள், இங்கே இல்லாமல் போனது. நான் மறுபடி ஊற்றினேன், மறுபடி வந்தது. அங்கே உப்பைக் கொட்டினார்கள், இங்கே இலை கருகியது. நான் மூட்டைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். வேர் தடித்தது. கல் ஒரு விரல் உயரம் எழும்பியது. போன வருஷம் ஒரு சாண். கொத்தனார் மூன்றுதரம் பிரித்துப் பாவிப் பார்த்துவிட்டு, "இனி என்னைக் கூப்பிடாதீங்க" என்று போய்விட்டார். போன கொடையில் கோமதிநாயகம் பரிவட்டத்துக்கு நின்றபோது கல் சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக, பூசாரி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர் அதற்கும் பழகிவிட்டது. அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தளிருக்கு மஞ்சள் பூசிக் கும்பிட ஆரம்பித்திருக்கிறார்கள்.

"இனி விட்டுருங்களேன் அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி, தலையில் தன் மரத்துப் பூவோடு.

"நான் என்னத்தப் பிடிச்சேன் விடுதுக்கு? எம் வீட்டுல, எம் செடிக்கு, எங் கெணத்துத் தண்ணிய ஊத்துதேன்."

போன வாரம் கோமதிநாயகமே வந்தான். வயது எழுபத்துமூன்று. கையில் கம்பு. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக என் வாசலில் வந்து நின்றான். ஆவுடை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. மூட்டருகே போய், இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த தளிரைப் பார்த்தான். அதன் நுனியில் ஒரு மொட்டு இருந்தது. வெகுநேரம் பார்த்தான். தளிர் பிறந்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. நான் குடத்தைக் கீழே வைத்தேன். சாட்சிக்கு ஆவுடை நிற்கிறாள். மைக் இல்லாவிட்டாலும் போகிறது என்று நினைத்தேன். பதினெட்டு கொடை முன்வரிசையில் நின்ற காலோடு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி" என்றான். தொண்டையைச் செருமினான்.

"சொல்லு."

"தண்ணியக் கொஞ்சம் கொறைச்சு ஊத்துங்க."

கம்பை ஊன்றித் திரும்பி நடந்தான். அவன் தெரு முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிணற்றுக்குப் போய் இன்னும் ஒரு குடம் இறைத்தேன்.